சதுரங்கப் பட்டமும் அதனைப் போற்றும் முறையும்

முகவுரை

அருஞ்செயல் ஆற்றினாரை உலகறியச் சிறப்பித்தல் தமிழகத்தில் தொன்றுதொட்டு வரும் வழக்கமாகும். படைத்தலைவர்க்கு ஏனாதி என்றும், வணிகருட் சிறந்தார்க்கு எட்டி என்றும், அரசியல் வினைஞர்க்குக் காவிதி என்றும் பட்டம் ஈந்து, பட்டத்தோடு மோதிரமும் பொற்பூவும் அளித்த வேந்தர் செய்தியை நூல்களிற் கற்கின்றோம். ஆயின், பட்டம் என்பது யாது, அது யாரால் எவ்வளவைகொண்டு அளிக்கப்படுவது, அதனைப் பெற்றாரை அவையில் எங்ஙனம் போற்றுதல் முறை என்பவற்றை நாம் பெரும்பாலும் ஆராய்வதில்லை. கைதட்டி மாலை சூட்டி அமைந்துவிடுகின்றோம்.

இந்நாளில் தமிழ்நாட்டுச் சிறாரும் சிறுமியரும் சதுரங்கம் என்னும் ஆட்டத்திற் பெறும் பட்டங்கள் நாடோறும் செய்தித்தாள்களில் வெளிவருகின்றன. ஊர்தோறும் போட்டிகள் நடைபெறுகின்றன. ஆதலின் அப்பட்டங்களின் இயல்பையும், போட்டி நடத்துவோர் அவற்றை மதித்துரைக்கும் முறையையும் இக்கட்டுரையில் ஒருவாறு ஆராய்வாம்.

பட்டத்திற்கு உறுப்பு மூன்று

முதற்கண் பழந்தமிழ்ச் சான்று இரண்டினை நோக்குவோம். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் மாதவி தலைக்கோற் பட்டம் பெற்ற செய்தி கூறப்படுகின்றது. அவள் ஐந்தாம் ஆண்டிற் பயிலத் தொடங்கி, ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் ஆண்டில் சோழமன்னன் அவைக்கண் ஆடினாள். அவள் ஆடல் நாடக நூலின் நெறி வழுவாது அமைந்தமை கண்ட பின்னரே மன்னன் தலைக்கோற் பட்டமும் 1008 கழஞ்சு பொன்னும் அளித்தான். அக்கோல்தானும் எளிதிற் கிடைத்ததன்று; தோற்ற பகைவேந்தனது வெண்கொற்றக் குடையின் காம்பினை எடுத்துப் பொன்னும் மணியும் இழைத்து இயற்றியது. ஈண்டு நாம் உளங்கொளற்பாலது, மன்னன் தன் விருப்பம் ஒன்றே பற்றிப் பட்டம் ஈந்திலன் என்பதாம். நூல் ஒன்று அளவாய் நின்றது; கற்றோர் நிறைந்த அவை சான்றாய் நின்றது.

இரண்டாவது சான்று நம் தேனி மாவட்டத்திலேயே உள்ளது. ஆண்டிபட்டி வட்டத்தில் வைகைக் கரையில் அமைந்த புலிமான்கோம்பை என்னும் ஊரில் 2006-ஆம் ஆண்டில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்கள் மூன்றினைக் கண்டெடுத்தனர். அவற்றுள் ஒன்று ஆகோட் பூசலில் வீழ்ந்த வீரன் ஒருவனுக்கு எடுக்கப்பட்டது. அதன்கண் புகழ்மொழி யாதும் இல்லை. வீரன் பெயர், ஊர்ப்பெயர், நிகழ்ந்த செயல் என்னும் இவையே சில சொற்களிற் பொறிக்கப்பட்டுள்ளன. ஈராயிரம் ஆண்டு கடந்தும் அவ்வீரனை நாம் அறிதற்கு அச்சில சொற்களே போதுமாயின. புகழுரை பெருக்கியிருந்தாலும் பெயரும் செயலும் இல்லையாயின் அக்கல் வெறுங்கல்லே ஆகும்.

இவ்விரண்டாலும் பட்டத்திற்கு உறுப்பு மூன்று என்பது பெறப்படும். செயலை அளக்கும் அளவை ஒன்று. அளந்ததனை மெய்யென உரைக்கும் சான்று ஒன்று. பின்னுள்ளோர் அறியும் பதிவு ஒன்று. இம்மூன்றனுள் ஒன்று குறையினும் பட்டம் வெற்றுச் சொல்லாகவோ, பெறற்குரியார் பெறாத குறையாகவோ முடியும். சதுரங்க வரலாறு இவ்வுண்மையை நன்கு காட்டுகின்றது.

அளவையில்லாக் காலமும் சுல்தான்கானும்

உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1924-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 20-ஆம் நாள் பாரிஸ் நகரில் தோன்றியது. ஃபிடே என்னும் சுருக்கப் பெயரால் அது வழங்கும். கிராண்ட்மாஸ்டர் என்னும் சொல் அதற்கு முன்னரே வழக்கில் இருந்ததாயினும், முறைப்படி அப்பட்டம் முதன்முதல் அளிக்கப்பெற்றது 1950-ஆம் ஆண்டிலேயாம். அவ்வாண்டில் 27 பேர் அதனைப் பெற்றனர். அக்காலத்தில் ஆட்டத்திறனை எண்ணால் அளக்கும் முறை கூட்டமைப்பினிடம் இல்லை. ஆதலின் ஒவ்வொருவரும் முன்னர்ப் பெற்ற வெற்றிகளைக் கருதி அறிஞர் ஆய்ந்து தேர்ந்தெடுத்தனர்.

அங்ஙனம் தேர்ந்தெடுத்தபொழுது விடுபட்டவருள் ஒருவர் மீர் சுல்தான்கான் ஆவர். அவர் பஞ்சாபில் மீதா திவானா என்னும் ஊரிற் பிறந்தவர். சர் உமர் ஹயாத்கான் என்னும் பெருநிலக்கிழாரின் ஆதரவில் இங்கிலாந்து சென்று, 1929, 1932, 1933 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் பிரிட்டிஷ் சாம்பியன் ஆயினார். 1930-31-இல் ஹேஸ்டிங்ஸ் நகரில் முன்னர் உலக சாம்பியனாய் இருந்த காபபிளாங்காவையும் வென்றார். பின்னர்த் தாயகம் திரும்பி ஆட்டத்தினின்றும் விலகினார். 1950-இல் அவர் உயிரோடிருந்தும் பட்டப் பட்டியலில் அவர் பெயர் இடம்பெறவில்லை.

ஆட்டத்தை விட்டு விலகினமையான் விடுபட்டார் எனின், அது பொருந்தாது. என்னை? 1932-ஆம் ஆண்டிற்குப் பின் போட்டி ஆடாத ரூபின்ஸ்டைன் அப்பட்டியலில் இடம்பெற்றுள்ளார் ஆதலின். சுல்தான்கான் 1966-இல் மறைந்தார். 2024-ஆம் ஆண்டிலேயே உலகக் கூட்டமைப்பு அவருக்குச் சிறப்பு கிராண்ட்மாஸ்டர் என்னும் பட்டத்தை அளித்தது. வாழுங்காலத்துத் தன் செவியாற் கேட்க வேண்டிய சொல்லை அவர் மறைந்து 58 ஆண்டு கழிந்த பின் உலகம் உரைத்தது. பட்டியலை வகுத்தார் தீயர் என்று யாம் கூறவந்தேம் அல்லேம். யாவர்க்கும் ஒப்ப நிற்கும் அளவை இல்லாத இடத்தில், கண்ணுக்கு அணியராயினார் நினைவிற்கு வருதலும், சேயராயினார் மறக்கப்படுதலும் இயல்பாம் என்பதே எம் கருத்து. தொலைவிலுள்ள சிற்றூர் மாணாக்கனுக்கு அளவை வேண்டுவது இதனாலேயாம்.

தரப்புள்ளி

அவ்வளவையை வகுத்தவர் ஆர்பாட் ஈலோ என்னும் பேராசிரியர். அங்கேரி நாட்டிற் பிறந்து அமெரிக்காவில் மில்வாக்கி நகரில் இயற்பியல் கற்பித்தவர். அவர் வகுத்த முறையை உலகக் கூட்டமைப்பு 1970-இல் மேற்கொண்டது. அதனைத் தரப்புள்ளி என்பாம். மக்கள் ரேட்டிங் என வழங்குவர்.

அதன் கருத்து எளிது. இருவர் தரப்புள்ளிகளுக்கும் உள்ள வேற்றுமை, அவருள் யார் எத்துணை வெல்லக்கூடும் என்பதனை முன்னரே உரைக்கும். இருவரும் சமமாயின் நூற்றுக்கு 50 எதிர்பார்க்கலாம். 100 புள்ளி மிக்கவன் நூற்றுக்கு 64-ம், 200 புள்ளி மிக்கவன் நூற்றுக்கு 76-ம் பெறுவன் என எதிர்பார்க்கப்படும். எதிர்பார்த்ததனின் மிகுதியாகப் பெற்றவன் புள்ளி உயரும். குறையப் பெற்றவன் புள்ளி தாழும். வலியாரை வென்றவனுக்கு ஊதியம் பெரிது. மெலியாரை வென்றவனுக்கு ஊதியம் சிறிது. குலமும் செல்வமும் ஊரும் இக்கணக்கினுட் புகுவதில்லை.

புதிதாக ஆடத்தொடங்குவோன், தரப்புள்ளி உடையாரோடு குறைந்தது 5 ஆட்டங்கள் ஆடிய பின்னரே பட்டியலில் இடம்பெறுவன். 2024-ஆம் ஆண்டு மார்ச்சு முதலாகப் பட்டியலின் கீழெல்லை 1400 என உயர்த்தப்பட்டது. ஆதலின் ஒரு சிற்றூர்ச் சிறுவன் முதன்முறை தரப்புள்ளி பெற்றான் எனின், அதுவும் அவையறிய உரைக்கத்தக்கதொரு செயலே என்க.

பட்டங்களின் படிநிலை

யாவர்க்கும் பொதுவான பட்டங்கள் நான்கு. அவற்றுள் முதற்படி கேண்டிடேட் மாஸ்டர். அதற்கு 2200 தரப்புள்ளி வேண்டும். அடுத்தது ஃபிடே மாஸ்டர், அதற்கு 2300. இவ்விரண்டனுக்கும் தரப்புள்ளியே போதும். மூன்றாவது இன்டர்நேஷனல் மாஸ்டர், அதற்கு 2400. நான்காவதும் தலையாயதும் கிராண்ட்மாஸ்டர், அதற்கு 2500. பின்னைய இரண்டிற்கும் தரப்புள்ளி மட்டும் போதாது. நார்ம் எனப்படும் போட்டிச் சாதனைகள் மூன்று வேண்டும். அவை யாவும் சேர்ந்து 27 ஆட்டங்களுக்குக் குறையாமல் இருத்தல் வேண்டும்.

மகளிர்க்கெனத் தனிப்பட்டங்களும் நான்கு உண்டு. அவை முறையே 2000, 2100, 2200, 2300 என்னும் புள்ளிகளை உடையன. அவற்றுள் உயர்ந்தது மகளிர் கிராண்ட்மாஸ்டர் என்பது. இது பொதுப்பட்டமாகிய கிராண்ட்மாஸ்டரின் வேறானது. மகளிர் பொதுப்பட்டங்களையும் ஆடவரோடு ஒப்பப் பெறுதற்கு உரியர், பெற்றும் உள்ளனர். இவ்வேறுபாட்டை அறியாது ஒன்றை மற்றொன்றாக அவையிற் கூறுதல், இரண்டனையும் பெறுதற்கு உழைத்தாரை இழிவுபடுத்துவதாய் முடியும்.

நார்ம் என்பது யாது?

இச்சொல்லைப் பலர் கேட்டுளர். பொருள் அறிந்தார் சிலர். ஆதலின் இதனைச் சிறிது விரித்துரைப்பாம்.

ஒருவன் ஒரு போட்டியில் 9 ஆட்டங்கள் ஆடுகின்றான் என்று கொள்வோம். அவன் எதிர்த்தாடிய ஒன்பதின்மர் தரப்புள்ளிகளையும் கூட்டி ஒன்பதால் வகுத்தாற் கிடைப்பது சராசரி. அவன் பெற்ற வெற்றிப்புள்ளியை விழுக்காடாக்கி, அவ்விழுக்காட்டிற்கு உரிய எண்ணைக் கூட்டமைப்பின் அட்டவணையிற் கண்டு, சராசரியோடு கூட்டுதல் வேண்டும். இங்ஙனம் கிடைக்கும் எண், அப்போட்டியில் அவன் ஆடிய தரத்தைக் காட்டும். அது 2600-ஐ எட்டுமாயின் கிராண்ட்மாஸ்டர் நார்ம் ஆகும்; 2450-ஐ எட்டுமாயின் இன்டர்நேஷனல் மாஸ்டர் நார்ம் ஆகும்.

எடுத்துக்காட்டாக, எதிரிகளின் சராசரி 2475 என்க. அவன் பெற்றது 6 புள்ளி. ஒன்பதில் ஆறு நூற்றுக்கு 67. அதற்குரிய எண் 125. இரண்டும் கூடின் 2600, நார்ம் கிடைத்தது. சராசரி 2380 ஆயின் 7 புள்ளி வேண்டும். சராசரி 2600 ஆயின் நாலரைப் புள்ளியே போதும். எதிரிகளின் வலிமை மிக மிகப் பெறவேண்டிய புள்ளி குறைந்து வருதல் காண்க. மற்று, சராசரி 2380-க்குக் குறையுமாயின், ஒன்பதினையும் வென்றாலும் கிராண்ட்மாஸ்டர் நார்ம் இல்லை. மிகத் தாழ்ந்த ஒருவர் புள்ளியை மட்டும் 2200 எனக் கொண்டு கணக்கிடும் சலுகை ஒன்றே உண்டு. எளியாரைத் திரளாக வென்று அடைதற்குரியதன்று அப்பட்டம்.

இனி, எதிரிகள் யாவர் என்பதற்கும் விதிகள் உண்டு. எதிரிகளுட் பாதிப்பேர் பட்டம் உடையராதல் வேண்டும். கிராண்ட்மாஸ்டர் நார்முக்கு எதிரிகளுள் மூவரேனும் கிராண்ட்மாஸ்டராய் இருத்தல் வேண்டும். சில போட்டிகள் ஒழிய, ஏனையவற்றில் ஆடுவோனது நாடு அல்லாத வேறு இரு நாட்டாரேனும் எதிரிகளுள் இருத்தல் வேண்டும். போட்டி முடிந்தவுடன் தலைமை நடுவர் இவை யாவற்றையும் சரிபார்த்துச் சான்றிதழிற் கையெழுத்திடுவர். பின்னர் நாட்டுக் கூட்டமைப்பு உலகக் கூட்டமைப்பிற்கு விண்ணப்பிக்க, அது ஆய்ந்து பட்டத்தை உறுதி செய்யும்.

ஈண்டு முன்னர்க் கூறிய மூன்று உறுப்புக்களும் அமைந்திருத்தல் காண்க. தரப்புள்ளியும் நார்மும் அளவை. எதிரிகளும் நடுவரும் சான்று. கூட்டமைப்பின் ஏடு பதிவு.

தமிழ்நாட்டார் பெற்ற சிறப்பு

இந்தியருள் முதன்முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் பட்டம் பெற்றவர் மானுவேல் ஆரோன். பர்மாவிற் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்த இவர், 1961-இல் அப்பட்டத்தைப் பெற்றார். 1959 முதல் 1981 வரை ஒன்பது முறை தேசிய சாம்பியனாய் விளங்கினார். 1962-இல் ஸ்டாக்ஹோம் நகரில் நடந்த போட்டியில் போர்டிஷ், ஊல்மன் என்னும் பெருவீரர் இருவரையும் வென்றார். 1972-இல் சென்னை சோவியத் பண்பாட்டு நிலையத்தில் டால் சதுரங்கக் கழகத்தைத் தோற்றுவித்தார். அக்கழகத்தில் ஆடப் பழகிய சிறாருள் ஒருவரே விசுவநாதன் ஆனந்த்.

ஆனந்த் 1987-இல் உலக இளைஞர் சாம்பியன் ஆயினார். 1988-இல் கோயமுத்தூரில் நடந்த சக்தி பைனான்ஸ் பன்னாட்டுப் போட்டியில் வென்று இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆயினார். அப்பொழுது அவர்க்கு வயது 18. ஆரோன் பட்டம் பெற்றதற்கும் இதற்கும் இடைப்பட்ட காலம் 27 ஆண்டு. அப்பெருஞ்சிறப்பு நிறைவெய்திய களம் நம் கோயமுத்தூர் ஆகும் என்பதனை மறத்தல் கூடாது. வெளிநாட்டு வீரர் நம் நாட்டிற்கு வந்து ஆடினமையான் அன்றோ அது கைகூடிற்று!

மகளிருள் சென்னையைச் சேர்ந்த சுப்பராமன் விஜயலட்சுமி 2001-இல் இந்தியாவின் முதல் மகளிர் கிராண்ட்மாஸ்டர் ஆயினார். அடுத்த ஆண்டிலேயே ஆந்திர நாட்டுக் கோனேரு ஹம்பி பொதுப்பட்டமாகிய கிராண்ட்மாஸ்டரைப் பெற்ற முதல் இந்தியப் பெண்மணியாயினார். சென்னை வைஷாலி ரமேஷ்பாபு 2023 டிசம்பரில் ஸ்பெயின் நாட்டில் 2500-ஐக் கடந்து அப்பட்டத்திற்குரிய தகுதியை நிறைத்தார். அவர் இளவலாகிய பிரக்ஞானந்தா 2018 ஜூன் 23-இல் இத்தாலியில் தம் 12-ஆம் வயதில் அத்தகுதியை எய்தியிருந்தார். உடன்பிறந்தாராகிய அக்காளும் தம்பியும் கிராண்ட்மாஸ்டராயினமை உலகில் இதுவே முதன்முறை.

குகேஷ் 2019 ஜனவரி 15-இல் தில்லியில் மூன்றாம் நார்மை நிறைத்தபொழுது அவர் வயது 12 ஆண்டு, 7 திங்கள், 17 நாள். அக்காலத்து உலகில் மிக இளையராய்ப் பட்டம் பெற்றிருந்த கர்ஜாகினுக்கும் இவர்க்கும் வேற்றுமை 17 நாளே. அவரே 2024 டிசம்பர் 12-இல் சிங்கப்பூரில் சீனத்து டிங் லிரெனை வென்று, 18-ஆம் வயதில் உலக சாம்பியன் ஆயினார். பன்னிரண்டாம் ஆண்டில் தலைக்கோல் கொண்ட மாதவியைக் காவியத்தில் மட்டும் கண்ட நாம், பன்னிரண்டாம் ஆண்டிற் பட்டம் கொண்டாரை இன்று நேரிற் காண்கின்றோம்.

நேர்ப்பட்டமும் பட்டம் இழத்தலும்

நார்ம் இன்றிப் பட்டம் பெறும் வழியும் ஒன்றுண்டு. சில பெரும்போட்டிகளில் முதலிடம் பெறுவார்க்கு நேரே பட்டம் அளிக்கப்படும். 2025 ஜூலைத் திங்களில் ஜார்ஜியா நாட்டுப் பதூமி நகரில் மகளிர் உலகக் கோப்பையை வென்ற நாகபுரி திவ்யா தேஷ்முக், அதற்கு முன் கிராண்ட்மாஸ்டர் நார்ம் ஒன்றும் பெறாதவராயினும், அவ்வெற்றியானே அப்பட்டம் பெற்று இந்தியாவின் 88-ஆவது கிராண்ட்மாஸ்டர் ஆயினார். இதனைச் சலுகை என்று சிலர் குறைகூறுவர். அது பொருந்தாது. உலகத்துத் தலைசிறந்த மகளிரை அடுத்தடுத்து வென்று இறுதியில் ஹம்பியையும் வெல்லுதல், மூன்று நார்மின் எளிதன்று.

பெற்ற பட்டம் வாழ்நாள் முழுதும் நிற்கும். முதுமையால் தரப்புள்ளி தாழினும் பட்டம் நீங்காது. ஆயின், வஞ்சகத்தால் அதனை இழத்தல் உண்டு. 2015-இல் துபாய்ப் போட்டியில் ஜார்ஜியா நாட்டுக் காயோஸ் நிகலிட்சே கழிப்பறையிற் கைப்பேசியை மறைத்து வைத்து ஆட்டத்திற்குத் துணைகொண்டமை வெளிப்பட்டது. கூட்டமைப்பு அவருடைய கிராண்ட்மாஸ்டர் பட்டத்தை நீக்கி, மூன்றாண்டு ஆடாவண்ணம் தடைவிதித்தது. சான்று பழுதுபட்ட இடத்தில் பட்டம் நில்லாது என்பதற்கு இஃதொன்றே போதும்.

போட்டிக்களத்திற் போற்றும் முறை

இனி, நம் பக்கத்து ஊர் ஒன்றனை நோக்கிக் கூறுவாம். தேனியினின்றும் வருசநாட்டிற்குச் செல்லும் வழியில், மூலவைகைப் பள்ளத்தாக்கில் உள்ளது கடமலைக்குண்டு. மேகமலைத் தொடரின் அடிவாரத்தில் இலவம்பஞ்சும் தென்னையும் விளையும் நிலம் அது. அவ்வூர்க்கும் சென்னைக்கும் இடையே ஏறக்குறைய 500 கிலோமீட்டர் உண்டு. பெரும்போட்டிகள் மிகுதியும் நகரங்களிலேயே நடைபெறுகின்றன. கடமலைக்குண்டுப் பள்ளி ஒன்றில் சதுரங்கப்போட்டி வைப்பாராயின், பட்டம் உடையாரையும் பெறாதாரையும் எங்ஙனம் மதித்தல் முறை?

முதலாவது, பெயர்ப்பட்டியலிற் பட்டத்தைப் பிழையின்றி எழுதுதல் வேண்டும். ஆடுவோர் வரிசையைத் தரப்புள்ளி கொண்டு அமைப்பது விதி. இருவர் புள்ளி ஒத்திருப்பின் பட்டத்தால் முன்பின் வகுக்கப்படும். அவ்வரிசையில் கிராண்ட்மாஸ்டர் முதலாவது. இன்டர்நேஷனல் மாஸ்டர் அடுத்தது. மகளிர் கிராண்ட்மாஸ்டர் மூன்றாவது. ஃபிடே மாஸ்டர் நான்காவது. ஏனையவை அவற்றின் பின்னர் வரும். ஒருவர் பட்டத்தை அவர் வாய்மொழி கொண்டோ, உறவினர் உரை கொண்டோ எழுதாது, உலகக் கூட்டமைப்பின் பட்டியலை நோக்கியே எழுதுதல் நன்று. இது யாவரும் காணத் திறந்துள்ள பட்டியலாதலின் ஐயுறுதற்கு இடமில்லை.

இரண்டாவது, பட்டமும் பரிசும் வேறு என்பதனை உணர்தல் வேண்டும். கோப்பை அன்றைய வெற்றிக்கு உரியது. பட்டம் பல்லாண்டு உழைப்பிற்கு உரியது. ஊர்ப்போட்டி ஒன்றில் முதற்பரிசு பெற்ற சிறுவனை அன்பு மிகுதியாற் கிராண்ட்மாஸ்டர் என்று விளித்தலும், விளம்பரத் தட்டியில் அங்ஙனம் எழுதுதலும் தகா. அச்சிறுவன் நாளை வெளியூர் சென்று உண்மை அறியுங்கால் நாணுவன். 2500 புள்ளிக்காகப் பத்தாண்டு உழைத்தாரது சொல்லை நாம் ஒரு மாலைப்பொழுதில் விலையின்றி வழங்கிவிடுதலும் நேர்மை அன்று.

மூன்றாவது, நார்ம் ஒன்று பெற்றாரை நார்ம் பெற்றார் என்றும், மூன்றும் நிறைத்து உறுதியை எதிர்நோக்குவாரைத் தகுதி நிறைத்தார் என்றும், உறுதிபெற்றாரையே பட்டம் பெற்றார் என்றும் கூறுதல் வேண்டும். இம்மூன்று சொல்லுக்கும் உள்ள வேற்றுமையை ஓர் அவைத்தலைவர் இரண்டு நிமிடத்தில் விளக்கிவிடலாம். அவ்விளக்கமே அங்கிருக்கும் நூறு சிறார்க்கும் வழிகாட்டியாகும். பட்டம் என்பது வானினின்று விழுவதன்று, இன்ன படிகளில் ஏறின் எய்தலாவது என்று அவர் அறிவர்.

நான்காவது, கீழ்ப்படிகளைப் புறக்கணித்தல் ஆகாது. முதன்முறை தரப்புள்ளி பெற்றவன், தன்னின் 200 புள்ளி மிக்கவனை வென்றவன், சென்ற ஆண்டினும் 100 புள்ளி உயர்ந்தவள் ஆகியோரை அவர் தம் செயலோடு பெயர் கூறிப் பாராட்டலாம். உயர்ந்த களங்களிலும் இம்முறை உண்டு. 2022-இல் மாமல்லபுரத்தில் நடந்த 44-ஆவது சதுரங்க ஒலிம்பியாடில், அணிக்குரிய பதக்கமேயன்றி ஒவ்வொரு பலகையிலும் சிறந்தார்க்குத் தனிப்பதக்கமும் அளித்தனர். முதற்பலகையிற் பொற்பதக்கம் பெற்றவர் குகேஷ். மற்றவரோடு ஒப்பிட்டுப் பாராட்டுதலோடு, ஒருவனை நேற்றைய அவனோடே ஒப்பிட்டுப் பாராட்டுதலும் வேண்டும்.

ஐந்தாவதும் இன்றியமையாததும் பதிவு. போட்டி முடிந்தவுடன் ஆடினார் பெயர், பெற்ற புள்ளி, நாள், நடுவர் பெயர் ஆகியவற்றைப் பள்ளி ஏட்டில் எழுதி வைத்தல் வேண்டும். புலிமான்கோம்பைக் கல்லில் உள்ளனவும் இவை போல்வனவே அல்லவா? மாலை வாடும்; தட்டி கிழியும்; ஏட்டிலுள்ள பெயர் நிற்கும்.

ஒரு தடையும் விடையும்

அற்றேல், 2500 புள்ளியும் மூன்று நாட்டு எதிரிகளும் எங்கே, கடமலைக்குண்டு எங்கே? அடைதற்கரியதனைச் சிற்றூர்ச் சிறார்க்கு விரித்துரைத்தலாற் பயன் யாது என்பார் உளர். அவர் கூற்றில் ஒருபாதி உண்மை உண்டு. அளவை யாவர்க்கும் ஒன்றே எனினும் அவ்வளவையின் அருகே செல்லுதற்கு ஆகும் செலவு யாவர்க்கும் ஒன்றன்று. வலிய எதிரிகளும் வெளிநாட்டாரும் இல்லாத ஊரில் இருப்பவன் எத்துணைத் திறனுடையன் ஆயினும், அங்கிருந்தே நார்ம் பெறுதல் இயலாது. அவன் செலவு செய்து சேய்மை செல்லல் வேண்டும். அன்றி, களம் அவன் அருகே வருதல் வேண்டும். சுல்தான்கானுக்கு அளவை இல்லாமை குறையாயிற்று. இந்நாட் சிற்றூரானுக்கு அளக்கும் களம் தொலைவில் உள்ளமை குறையாகின்றது.

ஆயின் இக்குறைக்கு மருந்து, அளவையைத் தளர்த்தலும் அன்று. ஊருக்கொரு பட்டம் படைத்துக்கொள்ளலும் அன்று. களத்தை அண்மையிற் கொணர்தலே ஆம். 1988-இற் கோயமுத்தூர்ப் போட்டி அதனையே செய்தது. உலகப்போட்டியை மதுரையிலோ தேனியிலோ உடனே நடத்துவோம் என்று யாம் கூறுகின்றிலேம். தரப்புள்ளிக்குரிய போட்டி ஒன்றனை ஆண்டுதோறும் மாவட்டத்துச் சிற்றூர்களில் மாறிமாறி நடத்தினாலே முதற்படி அமையும். அதற்கு வேண்டுவன முறைப்படிப் பதிவுசெய்தல், தகுதிபெற்ற நடுவர், தரப்புள்ளியுடைய சிலரது வருகை, அமைதியான ஒரு மண்டபம் என்பனவே. பட்டம் பெற்ற ஒருவர் அங்கு வந்து ஆடுவாராயின், அவர் பட்டத்தை நாம் பிழையின்றிக் கூறிப் போற்றுவதனோடு, அவரை எதிர்த்து ஆடும் வாய்ப்பினை நம் சிறார்க்கு அளிப்பதும் அவர்க்குச் செய்யும் சிறப்பேயாம். அறிஞன் ஒருவனைப் போற்றும் வழிகளுள் தலையாயது அவனிடம் கற்றலன்றோ!

முடிவுரை

இதுகாறும் கூறியவாற்றால், பட்டம் என்பது அளவை, சான்று, பதிவு என்னும் மூன்றனையும் உடையது என்பதும், அவை குறைந்தவழி உரியார் விடுபடுதலும் உரியரல்லார் புகுதலும் நேரும் என்பதும், போட்டி நடத்துவோர் உள்ளதனை உள்ளவாறே கூறிப் பாராட்டுதலே பட்டம் உடையார்க்கும் பெற விழைவார்க்கும் செய்யும் நன்றி என்பதும் பெறப்பட்டன. நம் கல்லூரி நண்பர் பலர் விடுமுறையில் தத்தம் ஊர் சென்று சிறார்க்கு ஆட்டம் பயிற்றுகின்றனர். அவர்கள் அடுத்த முறை செல்லுங்கால், காய்களை நகர்த்தும் முறையோடு, இப்படிநிலைகளையும் ஒரு கரும்பலகையில் எழுதிக்காட்டுவாராக. 1400 என்னும் எண்ணிலிருந்து 2500 வரை ஏறும் அப்படிகளைக் கண்ட சிறுமி ஒருத்தி, தன் பெயர்க்கு நேரே ஓர் எண்ணை எழுதிக்கொள்வாளாயின், எம் கட்டுரை பயன்பெற்றதாம்.